நெஞ்சை அழுத்த மறுத்தவர்

இருபத்தேழு வருஷமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். அதன்மேல் காலை வைத்தபடியே அவருடைய ஆயுசில் பாதி போய்விட்டது. அதனால் தெருவில் எல்லாருக்கும் அவர் 'பிரேக் சார்'. எதிரில் லாரி வந்தாலும் சரி, கற்றுக்கொள்கிறவர் பதற்றத்தில் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டாலும் சரி, அவர் குரல் ஏறாது. "ஒண்ணும் இல்ல. நான் பக்கத்துலதான் இருக்கேன். மூச்ச விடுங்க. இப்ப மெதுவா ஓரங்கட்டுங்க" என்பார். அதைக் கேட்டாலே பாதிப் பயம் போய்விடும் என்று அவரிடம் கற்றவர்கள் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் ஐம்பத்தெட்டாவது வயதில், பாதி தண்ணீர் இருந்த ஒரு வாளியைத் தூக்கப் பயந்து குளியலறையில் நின்றார்.

காரணம் இல்லாமல் இல்லை. மார்ச் மாதத்தில் ஒரு காலை, லைசென்ஸ் தேர்வு நடக்கும் மைதானத்தில் காரில் சாய்ந்து நின்றிருந்தபோது அவருக்குத் தாடை வலித்தது. பல்வலி என்று நினைத்து மனைவிக்குப் போன் செய்தார். அவர் மனைவி பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவள். மெழுகில் பல் வரிசை வைத்து, ஈறு செதுக்கி, பளபளப்பாக்கி அனுப்புவாள். "ஊர்ல பாதிப் பேரோட சிரிப்பு என் கைவேலைதான்" என்று பீற்றிக்கொள்வாள்.

"எந்தப் பக்கம் வலிக்குது?" என்று கேட்டாள்.

"இடது பக்கம் கீழ. கழுத்து வரைக்கும் இழுக்குது. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு."

"பல்வலிக்கு வேர்க்காதுங்க. அங்கயே உக்காருங்க. நகராதீங்க" என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் இதய ரத்தக்குழாயிலிருந்த அடைப்பை நீக்கி, அது மறுபடி மூடாமலிருக்க ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் அரைமணி நேரம் பல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தவர் பழைய ஆளாக வரவில்லை. தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் கட்டடத்தைச் சுற்றியே நடந்தார், ஜன்னலில் யாராவது தெரியும் பக்கமாக மட்டும். குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடுவதை விட்டார். போனைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். டிவியில் நகைச்சுவை வந்தால் சிரிப்பை அடக்கிக்கொள்வார், குலுங்கினால் உள்ளே ஏதாவது கழன்றுவிடுமோ என்று. எந்நேரமும் இரண்டு விரல் மணிக்கட்டில் இருக்கும். நாடி ஒரு துடிப்பு தள்ளி விழுந்தாலும் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றைச் சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் நிரந்தரமாக வைத்துவிட்டார்.

"அதையும் ஒரு தட்டு வச்சுப் பந்தியில உக்கார வைக்கலாம்" என்றாள் மனைவி.

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இதய நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும், இதயம் நின்றுபோனால் நெஞ்சை அழுத்தி உயிரைப் பிடித்துவைக்கும் பயிற்சி. சனிக்கிழமைதோறும் காலை பத்து மணி. எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். மனைவி படித்து முடிப்பதற்குள்ளேயே பேர் கொடுக்கப் போனை எடுத்துவிட்டாள்.

"எதுக்கு இப்போ அதெல்லாம்?" என்றார் அவர். "நின்னு போனா என்ன பண்றதுன்னு இப்பவே பேசணுமா? வாயால கூப்பிட்டு வரவழைக்கிற மாதிரி இருக்கு."

"நீங்க காருல ஸ்டெப்னி வச்சிருக்கீங்களே, டயரை வெடிக்கச் சொல்லியா வச்சிருக்கீங்க?"

போனார்கள்.

பயிற்சி நடந்தது தரைத்தளத்தில், உடற்பயிற்சி அறையில். உள்ளே நுழைந்ததும் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தரையில் பாய் விரித்து ஆறு பொம்மைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். கையும் இல்லை, காலும் இல்லை. தலையும் நெஞ்சும் மட்டும். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் போய்ச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பொம்மைகள் கண்ணில் படாதபடி தீயணைப்புக் கருவியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

சொல்லிக்கொடுத்தவள் ஒரு நர்ஸ். குள்ளமான, கெட்டியான பெண். நாள் முழுக்க மண்டியிடுவதால் முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள். "மூணு விஷயம்தான்" என்று ஆரம்பித்தாள். "கூப்பிட்டா எழுந்திருக்கல, மூச்சு ஒழுங்கா இல்ல, அப்படின்னா இதயம் நின்னு போச்சுன்னு எடுத்துக்கணும். உடனே ஆம்புலன்ஸ். உடனே அழுத்தணும். நெஞ்சுக்கு நடுவுல, ரெண்டு அங்குலம் கீழ போகணும், நிமிஷத்துக்கு நூறுக்குக் குறையாம. ஒவ்வொரு தடவையும் நெஞ்சை முழுசா மேல வர விடணும். விலா எலும்பு முறியலாம். முறிஞ்சா நிறுத்தக்கூடாது. எலும்பை அப்புறம் ஒட்டிக்கலாம்."

அவர் மனைவி முதல் ஆளாக மண்டியிட்டாள். நுணுக்க வேலை பழகிய கை. ஐந்தாவது அழுத்தலிலேயே பொம்மைக்குள்ளிருந்து 'டிக்' என்று சரியான ஆழத்தின் சத்தம் வந்தது. பக்கத்தில் ஒரு ரொட்டிக்கடைக்காரர், தன் தம்பிக்காக வந்தவர், புஜத்தைச் சுழற்றிச் சுழற்றி அழுத்தினார். "அண்ணே, மாவு பிசையாதீங்க. நேரா கீழ, நேரா மேல" என்றாள் நர்ஸ். எல்லாரும் சிரித்தார்கள். பிரேக் சார் சிரிக்கவில்லை. ஆறு பொம்மைகளும் அவர் கண்ணுக்கு அவராகவே தெரிந்தன.

"சார், நீங்களும் வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

"நான் பேஷன்ட்டும்மா. எனக்குத்தான் மத்தவங்க அழுத்தணும். நான் யாருக்கு அழுத்தப் போறேன்?"

"பேஷன்ட் இருக்கிற வீட்டுல மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு யாராவது எழுதிக் குடுத்திருக்காங்களா?"

அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் இன்னொரு தொல்லை. அடுப்பில் ஏதாவது வேகும் நேரத்தில் மனைவி கூடத்தில் ஒரு தலையணையைப் போட்டு, அதன்மேல் கை வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அழுத்துவாள். அவர் உள்ளறையில் படுத்தபடி அந்த எண்ணிக்கையைக் கேட்பார். இருபதைத் தாண்டும்போது காதைப் பொத்திக்கொள்வார். அந்தத் தலையணை அவருடையது.

"என் சாவுக்கு ஒத்திகை பாக்கிறியா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டார்.

அவள் நிறுத்தாமல் முப்பது வரை எண்ணி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். "ஆமா. ஒத்திகை பாக்காம மேடையேறினா நல்லாவா இருக்கும்?" என்றாள். சொல்லிவிட்டு எழுந்திருக்கும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவர் அதைப் பார்த்தார். மண்டியிட்டதால் கால் மரத்துப்போயிருக்கும் என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது சனிக்கிழமை நர்ஸ் அவரை விடவில்லை. அவருடைய டாக்டரிடம் கேட்டு வந்திருந்தாள். டிரெட்மில் நடைப் பரிசோதனை எல்லாம் நன்றாக இருப்பதாகவும், இரண்டு நிமிடம் அழுத்திப் பழகலாம் என்றும் டாக்டர் சொல்லிவிட்டாராம். மனைவியும் கையைப் பிடித்து இழுத்தாள். வேறு வழியில்லாமல் மண்டியிட்டார். ரப்பர் தோல் சில்லென்று இருந்தது. அழுத்தினார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அதற்குள் தன் இதயம் காதுக்குள் அடிப்பது கேட்டது. சட்டென்று கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அறையே திரும்பிப் பார்த்தது. சக்கர நாற்காலி வந்தது. மாடிக்குக் கொண்டுபோய் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஒன்றுமே இல்லை.

வெட்கத்தில் அவருக்கு யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. நர்ஸ் மாடிக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் ஓடி வந்ததுல இன்னும் பயந்துட்டீங்க, இல்லையா?"

"ஆமாம்மா. உனக்கு இது புரியாது. என் உடம்பே எனக்கு எதிரா எப்ப கிளம்பும்னு தெரியாம உக்காந்திருக்கேன்."

"புரியாதுதான். பயத்தை விட்டுட்டு வாங்கன்னு நான் சொல்லல. அதையும் கூட்டிட்டு வாங்க."

அடுத்த வாரம் போனார். நாற்பது அழுத்தினார். அதற்கடுத்த வாரம், ஜில்லென்று வேர்த்தாலும், இரண்டு நிமிடம் முழுசாக. அன்றைக்குத்தான் நர்ஸ் ஒரு சத்தத்தை வாயால் செய்து காட்டினாள். தொண்டைக்குள்ளிருந்து குறட்டை மாதிரி ஓர் இழுப்பு. பிறகு நீண்ட அமைதி. பிறகு மறுபடி ஓர் இழுப்பு.

"இது மூச்சு இல்ல. இதை மூச்சுன்னு நினைச்சு நிறையப் பேர் காத்துட்டு இருந்துடுறாங்க. காத்திருந்தா ஆள் போயிடுவாங்க."

"இவர் தெனமும் தூங்கறது இப்படித்தான்" என்றாள் மனைவி. ரொட்டிக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நர்ஸ் மட்டும் சிரிக்காமல், இன்னொரு தடவை அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் நாலு மணி இருக்கும். வெயில் கூடத்தில் பாதி தூரம் வந்து கிடந்தது. அவள் வேலையிலிருந்து சீக்கிரமே வந்து, கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் மேஜையில் உட்கார்ந்து, அன்றைக்கு மூன்றாவது தடவையாகக் கருவியின் பட்டையைக் கையில் சுற்றிப் பொத்தானை அழுத்தியிருந்தார். பட்டை காற்று நிரம்பி இறுகிக்கொண்டிருந்தது.

"என்னங்க, இந்தப் போர்வைக்கு ஒரு முனை பிடிங்களேன்."

"பிரஷர் பாத்துட்டிருக்கேன். அசையக்கூடாது."

ஏதோ கனமாக விழுந்த சத்தம் கேட்டது. போர்வைக் கட்டு சரிந்துவிட்டது என்றுதான் நினைத்தார். திரும்பிப் பார்த்தபோது போர்வைக்கு மேலே அவள் கிடந்தாள்.

எழுந்து ஓடினார். கையில் சுற்றிய பட்டை அவிழவில்லை. குழாயோடு கருவியும் மேஜையிலிருந்து விழுந்து அவர் பின்னாலேயே தரையில் தட்டித் தட்டி வந்தது. "ஏம்மா. ஏம்மா, இங்க பாரு." தோளைப் பிடித்துக் குலுக்கினார். கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. அப்போது அவள் தொண்டையிலிருந்து குறட்டை போல ஒரு சத்தம் வந்தது.

அப்பாடா, மூச்சு இருக்கிறது என்று அவர் உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது. மயக்கம்தான், தண்ணீர் தெளித்தால் சரியாகிவிடும். எழுந்திருக்கக்கூடப் போனார். எழுந்திருக்கும்போதே அடுத்த மூச்சுக்காகக் காத்தார். வரவில்லை. இன்னும் வரவில்லை. சுவரில் கடிகாரத்தின் ஓட்டம் கேட்டது. பிறகு மறுபடி அதே இழுப்பு. அந்த நர்ஸ் வாயால் செய்து காட்டியதே, அச்சு அசலாக அது.

கழுத்தில் தொங்கிய போனில் மூன்று எண்ணை அழுத்த இரண்டு தடவை தவறிற்று. ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார். எடுத்தவன் முகவரி கேட்டான், சொன்னார். "அழுத்தத் தெரியுமா சார்?" என்று கேட்டான்.

"தெரியும்" என்றார். அந்த வார்த்தை வேறு யாரோ சொன்னது போல இருந்தது.

மண்டியிட்டு, நெஞ்சுக்கு நடுவில் கையை வைத்தார். ரப்பர் இல்லை இது. சூடாக இருந்தது. காலையில் அவள் போட்டிருந்த பவுடர் வாசனை வந்தது. அழுத்தினார். ஏழாவதோ எட்டாவதோ அழுத்தலில் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ மளுக்கென்றது. நர்ஸ் சொன்னது ஞாபகம் இருந்தது; இருந்தும் கை ஒரு நொடி பின்வாங்கிற்று. "நிறுத்தாதீங்க சார், எண்ணுங்க" என்றது போன். எண்ணினார்.

"டீச்சர்" என்று மாடி வீட்டுக் கணக்கு டீச்சரைக் கத்திக் கூப்பிட்டார். "டீச்சர், கீழ வாங்க."

நாற்பதைத் தாண்டும்போது அவருக்கு நெஞ்சு இறுக ஆரம்பித்தது. மைதானத்தில் வலித்த அதே இடமும் வலித்தது. தாடையின் இடது பக்கம் கீழே. மார்ச் மாதம் அங்கேதான் ஆரம்பித்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. நிறுத்து என்று உடம்பு சொன்னது. நிறுத்தி, ஒரே ஒரு நிமிடம் உட்கார்ந்து, மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள். நானும் விழுந்தால் இரண்டு பேரும் போய்விடுவோமே. இந்த எண்ணம் வந்தது, நியாயமாகவே தெரிந்தது. கை என்னவோ நிற்கவில்லை. அது தைரியம் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். அவருக்குத் தெரிந்தது வேறு. நிறுத்தினால் அந்த அறையில் அவர் மட்டும் மிஞ்சுவார். அந்தப் பயம் மற்றதைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

டீச்சர் கதவருகே வந்து அப்படியே உறைந்து நின்றாள். முப்பது வயதுக்காரி, அவரிடம் கார் கற்றுக்கொள்ள வந்து, நாலாவது நாளே பயந்து பாதியில் நிறுத்திவிட்டவள்.

"டீச்சர், இங்க வந்து எனக்கு எதிர்ல முட்டி போடுங்க."

"ஐயோ சார், என்னால முடியாது. எனக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரிய வேண்டாம். என் கையை மட்டும் பாருங்க. ஒரு கைமேல ஒரு கை. முழங்கை மடங்கக்கூடாது. நான் சொல்லும்போது மாத்திக்கணும்."

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டா?"

"ஒண்ணும் இல்ல. நான் பக்கத்துலதான் இருக்கேன். மூச்ச விடுங்க."

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. நாலு மாதமாக அவர் வாயில் வராத குரல். டீச்சர் மண்டியிட்டாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஆனால் கை வைத்து எண்ண ஆரம்பித்ததும் வகுப்பில் எண்ணுவது போலக் கணீரென்று வந்தது எண்ணிக்கை. "இன்னும் ஆழமா. இன்னும். ஆ, அப்படித்தான். மேல வர விடுங்க." அவர் பக்கத்தில் சரிந்து, சுவரில் முதுகைக் கொடுத்து, தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். இரண்டு நிமிடம் ஆனதும் மறுபடி அவர். பிறகு டீச்சர். பிறகு அவர். கையில் சுற்றிய பட்டை அதுவரை கழற்றப்படவே இல்லை.

ஆம்புலன்ஸ் வர ஒன்பது நிமிடம் ஆயிற்று. வந்தவர்கள் மின்னதிர்ச்சி கொடுக்கும் இரண்டு பட்டைகளை அவள் நெஞ்சில் ஒட்டி, "எல்லாரும் தள்ளிப் போங்க" என்றார்கள். அவள் உடம்பு ஒரு தடவை உதறிற்று. ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினார்கள், மறுபடி உதறிற்று. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "வந்துடுச்சு" என்றான். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்; பஸ் வந்துவிட்டது என்பது போல.

மூன்று நாள் அவள் கண் திறக்கவில்லை. அவரையும் ஒரு கட்டிலில் படுக்கப் போட்டுக் கம்பிகளை ஒட்டினார்கள். ரத்தப் பரிசோதனையில் புதிதாக எதுவும் இல்லை என்று மறுநாளே எழுப்பிவிட்டார்கள். அதன்பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இருந்த இரும்பு நாற்காலிதான் அவருக்கு வீடு. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார். டாக்டர் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்: இதயம் ஓடுகிறது, மூளை எப்படி இருக்கிறது என்று எழுந்த பிறகுதான் தெரியும். எழுந்து, அவள் அவளாக இல்லாவிட்டால்? அதை யாரிடமும் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

இரண்டாம் நாள் வெளியூரிலிருந்து மகள் வந்தாள். அம்மாவைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"அம்மாவுக்கு முன்னாடியே மயக்கம் வந்திருக்கு. பட்டறையில அம்மாகூட வேலை பாக்கிற அக்கா சொன்னாங்க. ரெண்டு தடவை. ஒரு தடவை மேஜைக்கு அடியிலேயே விழுந்து கிடந்திருக்காங்க. உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியாது."

"அந்த அக்காகிட்ட, அவர்கிட்ட சொல்லிடாதே, அவர் இதயம் தாங்காதுன்னு சொன்னாங்களாம்."

அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு மனைவி நின்ற நிற்பு அவர் கண்ணுக்குள் வந்து நின்றது. நாலு மாதமாக அந்த வீட்டில் ஒரே ஒரு நாடிதான் பார்க்கப்பட்டது. மகள் கொஞ்ச நேரம் கோபமாகவே நின்றாள். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

நாலாம் நாள் காலை அவள் கண் திறந்தாள். குழாயை எடுத்த பிறகு குரல் சருகு மாதிரி வந்தது. மகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நெஞ்சு வலிக்குதுங்க. யாரு மிதிச்சது?"

"நான்தான்" என்றார் அவர்.

"ஏன்?"

அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இதயத்தின் மின்னோட்டத்தில் பிறவியிலேயே இருந்த கோளாறு அது என்றார்கள். தோளெலும்புக்குக் கீழே சின்னக் கருவி ஒன்றை வைத்துத் தைத்தார்கள்; இனி இதயம் தடுமாறினால் அதுவே மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும். நாலு விலா எலும்பு கூடிவர இரண்டு மாதம் ஆயிற்று. உயிர் திரும்பியது, எல்லாம் திரும்பவில்லை. அந்த வாரமும் அதற்கு முந்தைய சில வாரங்களும் அவள் நினைவிலிருந்து துடைத்துப் போட்டது போலப் போய்விட்டன. கேட்டதையே திரும்பக் கேட்பாள். பட்டறைக்கு அரை நாள் போக ஆரம்பித்தாள். கை பழையபடி ஓடியது, ஆனால் சில கருவிகளின் பேர் வாய்க்கு வராமல் "அதை எடு" என்று விரலைக் காட்டுவாள். காட்டிவிட்டுத் தன்மேலேயே எரிச்சல்படுவாள்.

அவர் மறுபடி பயிற்சிக் காரில் ஏறினார், வாரத்துக்கு மூன்று நாள். பயம் விட்டதா என்றால் இல்லை. முன்பு ஒருவருக்காகப் பயந்தவர் இப்போது இருவருக்காகப் பயந்தார். அவள் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தாலும் கதவைத் தட்டுவார். "பல்லு தேய்க்கிறேங்க, அதுக்கும் லைசென்ஸ் வாங்கணுமா?" என்று உள்ளிருந்து குரல் வரும். அந்தக் குரல் வரும்வரை அவர் கதவோரம் நிற்பார். அவளும் சும்மா இல்லை. அவர் சாய்வு நாற்காலியில் அயர்ந்தால் பக்கத்தில் வந்து நின்று, சட்டை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். ஒருவரை ஒருவர் அப்படிப் பிடித்துவிட்டால், ஏதோ திருடி மாட்டிக்கொண்டது போல இருவரும் அசடு வழிவார்கள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு நாள், ஆஸ்பத்திரிக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் பயிற்சி முடித்த சான்றிதழை எடுத்துப் பார்த்தாள். அவள் பேர் போட்டது.

"நான் இதைப் படிச்சேனா?"

"ஆறு வாரம். எல்லாரையும் விட நல்லா பண்ணின."

அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லைங்க. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். அவள் முகம் வெளிறியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் பயந்து அவர் பார்த்ததில்லை.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சனிக்கிழமை இருவரும் போனார்கள். நர்ஸ் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு நர்ஸ் யாரென்றே தெரியவில்லை, மரியாதைக்குச் சிரித்தாள். பொம்மைக்கு முன்னால் மண்டியிட்டவள், கையை எங்கே வைப்பது என்று புரியாமல் விழித்தாள். நர்ஸ் வருவதற்குள் அவரே எதிரில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்து நெஞ்சின் நடுவில் வைத்தார். "இங்க. நேரா கீழ." அவள் அழுத்தினாள். மூன்றாவதிலேயே டிக் என்றது. மூளை மறந்ததைக் கை மறக்கவில்லை போலிருக்கிறது என்று நர்ஸிடம் சொல்ல நினைத்தார்; சொல்லாமல் மனைவியோடு சேர்ந்து எண்ணினார். இருபத்தைந்தில் விலா வலிக்கிறது என்று அவள் நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கு அது போதும் என்றாள் நர்ஸ்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நிழலில் நின்றார்கள்.

"அன்னைக்கு என் மேல இப்படித்தான் பண்ணினீங்களா?"

"ஆமா."

"பயந்தீங்களா?"

"ரொம்ப."

அவள் தலையாட்டிக்கொண்டு சாலையைப் பார்த்தாள். இரண்டு பஸ்கள் வேறு திசைக்குப் போயின. மறுபடி அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அன்னைக்கு நீங்க பயந்தீங்களா?"

இப்போதுதானே கேட்டாய் என்று அவர் சொல்லவில்லை. யாரிடமும் அதுவரை சொல்லாததைச் சொன்னார்.

"பயந்தேன். நடுவுல நிறுத்திடலாமான்னு கூட நினைச்சேன். எனக்கும் வலிச்சது. நானும் செத்துடுவேன்னு தோணிச்சு. நினைச்சேம்மா, நிஜமா."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நிறுத்தினீங்களா?"

"இல்ல."

"அப்போ சரி" என்றாள்.

அவர்கள் பஸ் வந்தது. கூட்டம் இருந்தது. அவர் முதலில் ஏறி, திரும்பி, அவளுக்குக் கை கொடுத்தார்.